முதலில் தண்ணீரை அளப்போம்: ஒரு மலைப்பகுதிக்கு நீடித்த சுற்றுலாத் திட்டம் போடும் முறை

மே மாதத்துச் சனிக்கிழமை காலையில் மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வரை போய் நின்று பாருங்கள். ஊட்டிக்கு ஏறும் வண்டிகள் வரிசையில் நிற்கும். சோதனைச்சாவடியில் ஒவ்வொரு வண்டியின் இ-பாஸையும் பார்த்து அனுப்புவார்கள். சீசன் நாளில் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த பிறகுதான், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. ஊட்டிக்கு வேலை நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

இந்த எண்களைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். எத்தனை பேரைத் தாங்கும் என்று ஊட்டியில் யாரும் முதலில் கேட்கவில்லை. லாட்ஜ்கள் வந்தன, சாலை அகலமானது, வண்டிகள் வந்தன. கேள்வி கடைசியில் வந்தது. உங்கள் ஊர் இன்னும் ஊட்டி ஆகவில்லை என்றால், அந்தக் கேள்வியை முதலில் கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

ஊராட்சியில் பொறுப்புக்கு வந்தவர்கள், ஹோம்ஸ்டே நடத்த நினைக்கும் இளைஞர்கள், மகளிர் குழுக்களோடு வேலை செய்பவர்கள், சுற்றுலா படித்துவிட்டு முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து வரும். ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று எந்த மலைக்கும் முறை இதுதான்.

படி 1: எல்லையைப் போடுங்கள்

மாவட்ட வரைபடத்தை எடுத்து அதன் கோட்டையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போய்ச் சேர்கிறது, வண்டி எந்த வழியாக நுழைகிறது, யானை எந்த வழியாக நடக்கிறது என்று நான்கு கோடுகள் போடுங்கள். அவை சேர்ந்து வளைக்கும் இடம்தான் உங்கள் பகுதி.

நீலகிரிக்கு இப்படிப் போட்டால் மேட்டுப்பாளையம் உள்ளே வந்துவிடும். அது கோவை மாவட்டம். ஆனாலும் மலை ரயில் புறப்படுவதும், கார்களைக் கீழே நிறுத்த இடம் தேட வேண்டியதும் அங்கேதான். மேற்கே கூடலூர் வழியாகக் கேரள, கர்நாடக வண்டிகள் வருகின்றன. மைசூரிலிருந்து வருபவர்கள் பந்திப்பூரைக் கடக்க வேண்டும். 2009 முதல் அங்கே இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துத் தடை. அந்தத் தடை, ஊட்டியில் ஒருவர் எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்வார் என்பது வரை பாதிக்கும். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அறிவிக்கப்பட்டபோது மூன்று மாநிலங்களையும் சேர்த்து 5,520 சதுர கிலோமீட்டராக வரையப்பட்டது. காட்டுக்கு எல்லை போட்டவர்கள் கையாண்ட அதே முறை சுற்றுலாவுக்கும் பொருந்தும்.

படி 2: தாங்குதிறனைக் கணக்கிடுங்கள்

அவசரமே படாமல் செய்ய வேண்டிய படி இது. கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊருக்கு ஊற்றோ ஓடையோ தண்ணீர் தருகிறது என்றால், கோடையின் மிக வறண்ட வாரத்தில் அங்கே போங்கள். 20 லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 4 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக 4,32,000 லிட்டர். எல்லா ஊற்றுக்கும் இப்படி அளந்து கூட்டுங்கள். மழைக்காலத்தில் அளந்த எண்ணை வைத்துத் திட்டம் போட்டால் ஏப்ரலில் டேங்கர் லாரியைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். மக்கள் தொகை 4,000. கோடையில் கிடைக்கும் தண்ணீர் நாளைக்கு 7 லட்சம் லிட்டர். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் ஊர்மக்களுக்கு 5,40,000 லிட்டர். ஓடையும் காட்டு விலங்கும் பிழைக்க 15 சதவீதம், அதாவது 1,05,000 லிட்டரைத் தொடாமல் விடுங்கள். மீதி 55,000. ஹோட்டல் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர் என்று வைத்து வகுத்தால் 305 வரும். ஆக, அந்த ஊர் தாங்குவது சுமார் 300 படுக்கைகள். ஏற்கெனவே 500 படுக்கைகள் இருந்தால் புதிய லாட்ஜுக்கு அனுமதி தரும் பேச்சே எழக்கூடாது. இருப்பவர்கள் மழைநீரைச் சேமிப்பதையும் குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்புவதையும் பேச வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கணக்கு. ஒரு காட்சிமுனையை எடுத்துக்கொள்வோம். நிற்கத் தகுந்த இடம் 400 சதுர மீட்டர். ஒருவருக்கு 4 சதுர மீட்டர் என்றால் ஒரே நேரத்தில் 100 பேர். ஒருவர் 45 நிமிடம் இருப்பார், இடம் 9 மணி நேரம் திறந்திருக்கும் என்றால் 12 சுற்று. நாளுக்கு 1,200 பேர். நல்ல எண்ணாகத் தெரியும். இப்போது வண்டி நிறுத்துமிடத்துக்கு வாருங்கள். 25 கார் நிற்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் நிற்கும். நாளுக்கு 6 சுற்று, 150 கார். காருக்கு நான்கு பேர் என்றால் 600 பேர். கழிப்பறைக்கும் இதே கணக்கைப் போடுங்கள். எந்த எண் மிகக் குறைவோ அதுவே அந்த இடத்தின் தாங்குதிறன்.

இங்கே ஒரு தூண்டில் இருக்கிறது. "நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கினால் 1,200 பேர் வரலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். பெரிதாக்க இடம் எது? பெரும்பாலும் பக்கத்துச் சோலைக்காட்டின் ஓரமோ புல்வெளியோதான். அந்தச் சோலையும் புல்வெளியும்தான் மழையைப் பிடித்து வைத்து, நீங்கள் வாளி வைத்து அளந்த ஊற்றுக்குக் கொடுக்கின்றன. எந்தத் தடையை நீக்கலாம், எதை அப்படியே விடலாம் என்று முடிவெடுப்பதுதான் திட்டமிடுபவரின் வேலை. கழிப்பறை குறைவு என்றால் கட்டுங்கள். காட்டை வெட்டித்தான் கார் நிறுத்த முடியும் என்றால் 600-ஓடு நில்லுங்கள்.

ஆண்டுச் சராசரியை நம்பாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜூலை மழையில் வெறிச்சோடிய நாளையும் மே மாத ஞாயிற்றுக்கிழமையையும் கூட்டி வகுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். மலை உடைவது சராசரி நாளில் இல்லை. ஆண்டின் மிக நெரிசலான பத்து நாட்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

படி 3: சட்டத்தையும் நிலத்தையும் பாருங்கள்

பணம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், சுருக்கமாக ஹாக்கா, தமிழ்நாட்டில் 1990-இல் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள ஊர்களில் கட்டடம், சாலை, மண் வெட்டுதல் எல்லாவற்றுக்கும் கூடுதல் அனுமதி வேண்டும். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது. இது வீண் கெடுபிடி என்று தோன்றினால் 2009 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாள் மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

யானை வழித்தடமும் அப்படித்தான். நீலகிரியின் சீகூர் பீடபூமியில் யானை நடக்கும் வழியில் ரிசார்ட்டுகள் எழுந்தன. 2010-இல் அரசு வழித்தடத்தை அறிவித்தது. வழக்கு நடந்து 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கும் அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் எத்தனை ஆண்டு அலைச்சல்! வரைபடத்தில் வழித்தடத்தின் மேல் கட்டடக் குறி விழுந்தால் அந்த இடத்தை அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

படி 4: ஊர்க்காரர்களோடு உட்காருங்கள்

ஹோட்டல் உரிமையாளர்கள், டிராவல்ஸ்காரர்கள், அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து போட்ட திட்டம் யாருக்கு நல்லது செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீசனில் கேரட் மூட்டையோடு சாலையில் மாட்டிக்கொள்ளும் விவசாயி, பள்ளிப் பேருந்தை விட்டுவிடும் பிள்ளை, பிரசவ வலியில் கோவைக்குக் கொண்டுபோகப்படும் பெண்ணின் குடும்பம், லாட்ஜில் அறை துடைப்பவர் ஆகியோரைத் தேடிப் போங்கள். கூட்டத்தை அவர்களுக்குத் தோதான நேரத்தில் வையுங்கள். தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களைக் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

மூன்று கேள்விகள் போதும். சுற்றுலாவால் உங்கள் வீட்டுக்கு என்ன வருகிறது? என்ன போகிறது? எதை வெளியாருக்குக் காட்டக்கூடாது?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் வாழ்கிறார்கள். தோடர்களின் மந்து அவர்களின் குடியிருப்பு. அங்கிருக்கும் கோயில் அவர்களின் வழிபாட்டிடம். முன்பின் சொல்லாமல் காமிராவோடு நுழைவது நம் வீட்டுப் பூசையறைக்குள் யாரோ செருப்போடு நுழைவதற்குச் சமம். எந்த இடம், எந்த நாள், யாருடைய அனுமதி என்பதை அந்தந்த மக்களே எழுதித் தரட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். 2006-இன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தரும் அதிகாரத்தைத் திட்டம் போடுபவர் படித்திருக்க வேண்டும். 'வேண்டாம்' என்று ஓர் ஊர் சொன்னால் அதுவும் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய முடிவுதான்.

படி 5: ரூபாயின் பின்னால் போங்கள்

வந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவது அரசு அறிக்கைகளின் பழக்கம். எனக்கு அந்த எண் மேல் மதிப்பில்லை. காலையில் ஏறி, கீழே வாங்கிய சாப்பாட்டைச் சாலையோரத்தில் தின்று, தட்டை அங்கேயே போட்டுவிட்டு மாலையில் இறங்குகிற பத்துப் பேரால் மலைக்கு வருவது குப்பை மட்டும். இரண்டு இரவு தங்கி, உள்ளூர்ச் சமையலைச் சாப்பிட்டு, உள்ளூர் வழிகாட்டியோடு நடந்து போகும் இருவரிடமிருந்து பல வீடுகளுக்குக் கூலி போகிறது.

ஒரு விருந்தினரின் செலவை எடுத்துத் தாளில் பிரியுங்கள். அறை வாடகை யாருக்கு? உரிமையாளர் உள்ளூரா, சென்னையா? முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எவ்வளவு? அரிசி, காய், பால் எங்கே வாங்கியவை? வண்டி ஓட்டுபவர் யார்? ஒவ்வொரு வரியிலும் ஊருக்குள் தங்குவதையும் வெளியே போவதையும் இரண்டு நிறத்தில் குறியுங்கள். எந்த வரியில் கை வைத்தால் மாற்றம் வரும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

கேரளத்தில் குமரகம் இதைச் செய்து காட்டியது. வேம்பநாட்டு ஏரிக்கரை ஊர். பெரிய ரிசார்ட்டுகள் வந்தும் ஊர்மக்களுக்குப் பயன் குறைவாக இருந்ததால் மனக்கசப்பு. 2008-இல் பொறுப்புச் சுற்றுலா முயற்சி அங்கே தொடங்கியது. ஹோட்டல்கள் உள்ளூர்க் காய்கறியை வாங்க ஒப்புக்கொண்டன. கேரள அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் தரிசாகக் கிடந்த நிலத்தில் பயிர் செய்தார்கள். விலையை நிர்ணயிக்கவும் தரத்தைப் பார்க்கவும் குழுக்கள் அமைந்தன. ஹோட்டல் சமையலறைக்குத் தினமும் ஒரே அளவு, ஒரே தரம், ஒரே நேரம் வேண்டும். சிறு விவசாயியிடம் ஒரு வாரம் வெண்டைக்காய் குவியும், அடுத்த வாரம் இருக்காது. அதனால் தனித்தனியாக விற்காமல் குழுவாகச் சேர்ந்து, யார் எந்த வாரம் எதை அறுப்பது என்று பயிர் அட்டவணை போட வேண்டும். குமரகத்தின் திட்டத்துக்கு 2013-இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருது கிடைத்தது. 2017-இல் கேரள அரசு மாநிலம் முழுவதற்கும் தனி இயக்கமே தொடங்கியது.

உங்கள் ஊரில் சிறிதாகத் தொடங்குங்கள். மூன்று ஹோம்ஸ்டே, ஒரு மகளிர் குழு, இரண்டு பொருள்: கீரையும் முட்டையும். விலையை மூன்று மாதத்துக்கு முன்பே பேசி எழுதிவையுங்கள். பணம் ஏழு நாளுக்குள் கைக்கு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பாக்கி இழுத்தடித்தால் எந்தக் குழுவும் நிலைக்காது.

கைவினைப் பொருளுக்கும் இதே கவனம் வேண்டும். தோடர் எம்பிராய்டரி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் இழை எண்ணிப் போடும் அந்த வேலையை அச்சடித்த போலியாக விற்கும் கடைக்கு உங்கள் வரைபடத்தில் இடம் தராதீர்கள்.

படி 6: தடைக்கு மாற்று வையுங்கள்

நீலகிரியில் பிளாஸ்டிக் தடை, மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1-இல் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியது. பின்னர் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்தது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு என்ன செய்வது? அதற்காகச் சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் வைக்கப்பட்டன. ஏடிஎம் ஓடும் இடத்தில் தடையும் ஓடும். அது பழுதாகிக் கிடந்தால் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுப்பார். ஆகவே இயந்திரம் வாங்கும் செலவோடு, அதைப் பழுது பார்க்கும் ஆளின் பெயரையும் சம்பளத்தையும் திட்டத்தில் எழுதுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது மதுபாட்டிலுக்கு வந்த பத்து ரூபாய்த் திட்டம். காட்டில் வீசப்படும் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது. கிழிந்த காலோடு யானை பல நாள் துடித்துச் சாகிறது. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைத் தரும் முறை வந்தது. 90 சதவீதத்துக்கும் மேல் பாட்டில்கள் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடித்தவர் வீசியதைக்கூட வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்குகிறார். உங்கள் ஊரில் எதற்கு இப்படி முன்பணம் வைக்கலாம் என்று யோசியுங்கள்: டிபன் டப்பா, தண்ணீர்க் குடுவை, மலையேற்றத்துக்கு எடுத்துப் போகும் நொறுக்குத்தீனிப் பொட்டலம்.

படி 7: காரைக் கீழே நிறுத்த வழி செய்யுங்கள்

சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையை நீலகிரிக் காவல்துறை வைப்பது வழக்கம். நெரிசலுக்கு அது உதவும். வண்டி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் அடிவாரத்தில் நல்ல நிறுத்துமிடம், சுத்தமான கழிப்பறை, அரை மணிக்கு ஒரு பேருந்து, மேலே போனதும் இடங்களைச் சுற்றிக் காட்டும் சிறு பேருந்து என்று நான்கும் ஒன்றாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மக்கள் காரிலேயே வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையுள்ள 46 கிலோமீட்டர் மலை ரயில் 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் இருக்கைகள் கொஞ்சம்தான், எனவே கூட்டத்தைச் சுமக்க அதை நம்ப முடியாது. மெதுவாகப் பயணம் செய்யும் பழக்கத்தை அது கற்றுக்கொடுக்கும். தங்கும் பயணிகளுக்கு அதை முன்னிறுத்துங்கள்.

வரம்பா, கட்டணமா என்ற கேள்வி இங்கே வரும். பூட்டான் வெளிநாட்டவரிடம் ஓரிரவுக்கு 100 டாலரும் இந்தியரிடம் 1,200 ரூபாயும் நீடித்த வளர்ச்சிக் கட்டணமாக வாங்குகிறது. நம் மலைகளுக்கு அது சரியாக வராது என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வரும் திருப்பூர் பனியன் தொழிலாளியை விலையால் விரட்டிவிட்டு, நான்கு கார் வைத்திருப்பவருக்கு மலையைத் திறந்துவிடுவது நியாயமாகாது. எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். பேருந்தில் வருபவருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

படி 8: பரப்புவதற்கு முன் யோசியுங்கள்

நெரிசலைக் குறைக்க எல்லோரும் சொல்லும் யோசனை, புதிய இடங்களைத் திறப்பது. பல நேரம் இது ஓர் ஊரின் சீரழிவைப் பக்கத்து ஊருக்கும் கொண்டுபோவதில்தான் முடிகிறது. புதிய இடத்துக்கும் படி 2-இன் கணக்கை முடித்துவிட்டுப் பெயர்ப்பலகை வையுங்கள். இடத்தைப் பரப்புவதைவிட நாளைப் பரப்புவது நல்லது. செப்டம்பர், அக்டோபரின் இரண்டாம் சீசனுக்கும் வார நாட்களுக்கும் வாடகைச் சலுகை தரலாம். பள்ளிக் குழுக்களை அப்போது வரவழைக்கலாம். கனமழை எச்சரிக்கை நாட்களில் முன்பணத்தைத் திருப்பித் தரும் விதியும் வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பணம் போய்விடுமே என்பதற்காக அப்படிப்பட்ட நாளில் ஒரு குடும்பம் மலையேறக்கூடாது.

படி 9: ஒரே பக்கத்தில் எழுதி, நாள் குறியுங்கள்

யார், எதை, எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் என்ற நான்கு கட்டம் போதும். அளவுகோல்களும் ஐந்துக்கு மேல் வேண்டாம்: கோடையில் ஊற்றின் அளவு, நெரிசலான பத்து நாளில் வண்டி எண்ணிக்கை, சராசரியாகத் தங்கும் இரவு, ஹோம்ஸ்டேக்கள் உள்ளூரில் வாங்கிய பொருளின் மதிப்பு, ஊர்மக்களின் மனநிலை. கடைசி ஒன்றுக்கு ஆண்டுதோறும் அதே முப்பது வீடுகளில் அதே கேள்விகளைக் கேளுங்கள். முடிவுகளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டுங்கள்.

கெடு வேண்டுமென்றால் ஒன்று தயாராக இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய அளவில் பூத்தது. அடுத்தது 2030. பூக்கும் காலம் மழையோடு சேர்ந்தே வரும். 2018-இல் மூணாறு செய்த ஏற்பாடுகளை அந்த ஆகஸ்ட் வெள்ளம் குலைத்தது. பூவைப் பார்க்க வருபவர்கள் மிதிக்கப்போவது அதே புல்வெளியைத்தான். எந்தச் சரிவுக்கு எத்தனை பேர், எந்தப் பாதை, வழிகாட்டியாக எந்த ஊர் இளைஞர்கள், மழை வந்தால் யார் சாலையை மூடுவது என்பதையெல்லாம் 2029 கோடைக்குள் எழுதி முடித்திருக்க வேண்டும். ஊற்றின் அளவைக் குறைந்தது மூன்று கோடைக்காவது தொடர்ந்து எடுத்திருந்தால்தான் அந்தக் கணக்கை நம்ப முடியும். ஆகவே முதல் வாளியை வரும் கோடையிலேயே ஊற்றடியில் வையுங்கள்.